அணைக்காதே என்று ஒரு வரி

அன்று காலை நூற்று இருபத்தாறு பால் சொசைட்டிகளில் நூற்றுப் பன்னிரண்டில் மெஷின் எழுந்தது. பதினாலில் எழவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அதோடு சரி. கேனும் தூக்குமாக வரிசையில் நின்றவர்களுக்குப் பழைய கண்ணாடி லாக்டோமீட்டரைத் தேடி எடுத்துப் பாலை அளந்தார்கள். பதினாலு ஊரிலும் சண்டை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எட்டுப் பேர் வேலை செய்யும் கம்பெனி அது. பாலின் கொழுப்பை அளக்கிற மெஷினுக்கு உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு இருக்கும். அதைச் செய்கிறவர்கள் இவர்கள். முந்தின நாள் சாயங்காலப் பால் முடிந்ததும் எல்லா மெஷினுக்கும் சிம் வழியாகப் புதிய கெர்னலை அனுப்பியவன் மாதவராஜ். கெர்னல் என்பது மெஷினை எழுப்பி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் அடித்தள மென்பொருள். அது நின்றால் எல்லாம் நின்றது.

முதலாளி மாதேஸ்வரன் ஏழரை மணிக்கே ஆபீஸில் இருந்தார்.

"நேத்து ஏத்துனதுதான?"

"ஆமா சார்."

"தாரிக்கக் கூட்டிக்கினு கடத்தூர் பக்கம் போ. அங்க கோவிந்தம்மான்னு ஒரு செகரட்டரி. காலையிலேருந்து ஒம்போது ஃபோன்."

"நானே பாத்துடுவேன் சார்."

"பாத்துடுவ. அஞ்சு மணிக்கு மறுபடி பால் வந்துடும், அதுக்குள்ள பாப்பியான்னுதான் கேக்கறேன்." மாதேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பேர் விஷயத்தயும் இதோட முடிச்சிக்கலாம் மாதவா. யாரு இத நிமித்தறாங்களோ அவங்க பேரு. ஒன்றர வருசம் ஆவப்போவுது. நானும் எத்தினி நாளு தள்றது?"

மாதவராஜ் தலையாட்டினான்.

பேர் விஷயம் இதுதான். மெஷினின் மென்பொருளில் ஒவ்வொரு கோப்புக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. கோப்பின் தலையில் அவர் பெயர் இருக்கும். எங்கே எந்தப் பழுது வந்தாலும் அந்தப் பெயருக்கு மெயில் தானாகப் போய்விடும். கிளாக் டிரைவர் என்ற கோப்பின் தலையில் இருந்த பெயர் சோபனா. இங்கே கிளாக் மணி காட்டுகிற கடிகாரம் அல்ல. போர்டில் இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் இயங்க வைக்கும் துடிப்பு. துடிப்பு நின்றால் அந்தப் பகுதி நிற்கும். எதற்கு எப்போது துடிப்பைக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்லும் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகளைச் சோபனா எழுதினாள். எழுதி முடித்த அடுத்த வருடம் ரத்தப் புற்று வந்து, பெங்களூரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்து, இறந்தாள். மாதவராஜ் அவள் புருஷன்.

பதினாறு மாதங்களாக மெயில்கள் அவள் பெயருக்கே வந்துகொண்டிருந்தன. அவளுடைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் திறந்து பார்ப்பான். 'சோபனா மேடம், வணக்கம்' என்று எவனோ ஒருவன் ஆரம்பித்திருப்பான். வந்ததற்குத் தன் மெயிலில் இருந்து பதில் எழுதி முடிப்பான். வேறொன்றும் செய்வதில்லை. அழுவதில்லை. அழுகை வரவில்லை என்பதை அவன் அம்மாவே ஊரெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டாள்.

அந்தக் கோப்பு தனக்கு வேண்டும் என்று மாதேஸ்வரனிடம் மூன்று முறை கேட்டிருந்தான். தாரிக் ஒரு முறையும் கேட்கவில்லை. ஆனால் ஆபீஸில் எல்லோரும், "அது தாரிக்குக்குத்தான் அத்துப்படி, காலேஜிலேருந்து சோபனாவும் அவனும் ஒண்ணாத்தான செஞ்சாங்க" என்றார்கள். கேட்காதவனுக்குத் தேடி வருகிறது, கேட்கிறவனுக்குக் கூட்டம் போட்டு யோசிக்கிறார்கள். மாதவராஜுக்கு வயிறு எரிந்தது. பதினாறு மாதத்தில் அவன் உடம்பில் எரிந்தது அந்த ஒன்றுதான். அதனாலேயே அதை அணைக்காமல் வைத்திருந்தானோ என்னவோ.

தாரிக் பைக்கை ஓட்டினான். மாதவராஜ் லேப்டாப் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தான்.

"போன மாசம் கெர்னல மாத்துனீங்களே, சோபி எழுதுனத அப்பிடியே கொண்டாந்துட்டீங்களா?" என்று தாரிக் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"கொண்டாந்துட்டேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

சோபி. தாரிக் மாதவராஜை 'நீங்க' என்றுதான் அழைப்பான். அவளை 'அவ' என்பான், 'சோபி' என்பான். புருஷனாக மூன்று வருடம் இருந்த மாதவராஜ் அவளைச் சோபனா என்றுதான் அழைத்தான். வேறு பெயர் வைத்துக் கூப்பிடத் தோன்றவில்லை. தோன்றியபோது அந்தப் பெயரை ஒருவன் எடுத்துக்கொண்டுவிட்டிருந்தான்.

'முழுசாத்தான்' என்றது பொய். ஒரு வரியை அவன் நீக்கியிருந்தான்.

அந்தக் கோப்பில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பார்க்க முடியும். திரையின் இடது ஓரத்தில் வரிசையாகச் சோபனா, சோபனா, சோபனா என்று வரும். மாதவராஜ் சில நாள் வேலை இல்லாவிட்டாலும் அதைத் திறந்து மெதுவாகக் கீழே உருட்டுவான். அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் மட்டும் தாரிக் என்று இருந்தது. ஒரே ஒரு வரி. ஒரு கிளாக்குக்கு 'இதை அணைக்காதே' என்று போட்ட குறி. ஏன் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் கண் அங்கே போய் இடறும், சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி. புதிய கெர்னலுக்கு மாற்றும்போது அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். ஆபீஸ் மேஜையில் இருந்த ஆறு போர்டும் எழுந்தன. ஆகவே தேவையில்லாத வரி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

கடத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஊர். சொசைட்டி என்பது ரோட்டோரமாக ஒரே அறை. கோவிந்தம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் சாவிக் கொத்து. இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டாங்கப்பா கம்பெனிக்காரங்க. பொண்ணு பாக்க வர்றாப்ல பத்தர மணிக்கு."

"பஸ்ஸுல வந்திருந்தா மத்தியானம் ஆயிருக்கும் அக்கா" என்றான் தாரிக்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. காலையில என்னா நடந்துச்சின்னு தெரியுமா? மேட்டுக்காட்டு மாதுவும் அவன் பங்காளியும் லாக்டோமீட்டரப் புடிச்சி இழுத்து அது ஒடஞ்சே போச்சி. சாயங்காலத்துக்கு அதுவும் இல்ல. மெஷின் ஓடலன்னா நான் கதவப் பூட்டிக்கினு வூட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

மாதவராஜ் மெஷினின் மூடியைக் கழற்றி போர்டில் வயரைச் சொருகினான். கெர்னல் எழும்போது தான் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். அந்த வரிகள் லேப்டாப்பில் ஓடின. ஓடி, ஒரு வரியில் நின்றன.

யாரும் கேட்காத கிளாக்குகளை அணைக்கிறேன் என்பது அந்தக் கடைசி வரி.

மாதவராஜ் அதைப் பார்த்தான். திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"எங்க நிக்குது?" என்றான் தாரிக்.

"மெமரி கார்டா இருக்கும்னு நெனைக்கிறேன்."

கார்டை மாற்றினான். அதே வரியில் நின்றது. பவர் சப்ளையைக் குறை சொன்னான், அதையும் மாற்றினான். அதே வரி. மூன்றாம் முறை தாரிக் எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன் பூசியிருந்த அத்தர் வாசனை முதலில் வந்தது.

"கார்டும் இல்ல, பவரும் இல்ல. கடைசி வரியப் பாருங்க. கிளாக்க அணைக்கறப்ப சாவுது" என்றான்.

"ஆபீஸ்ல ஆறு போர்டும் எழுந்துச்சே. நூத்திப் பன்னண்டு ஊர்ல ஓடுதே."

சொல்லும்போது மாதவராஜுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. உண்மைதானே. அந்த வரி இல்லாததுதான் காரணம் என்றால் எல்லா மெஷினும் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

"அதுவும் சரிதான்" என்றான் தாரிக். "ஒண்ணு செய்யுங்க. எதையும் அணைக்காதேன்னு மொத்தமாச் சொல்லி எழுப்பிப் பாருங்க."

அப்படிச் சொல்ல ஒரு வழி உண்டு. எழும்போதே கெர்னலுக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டால் அது எந்தக் கிளாக்கையும் தொடாது. மாதவராஜ் அந்த வார்த்தையைத் தட்டினான். வரிகள் ஓடின, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடின, மெஷின் 'பீப்' என்று கத்தியது.

"அப்பாடி, ஆச்சா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"இல்லக்கா. இது எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியாது, சூடாவும். எந்தக் கிளாக்குன்னு கண்டுபுடிக்கணும்." தாரிக் அறையைச் சுற்றிப் பார்த்தான். "நூத்திப் பன்னண்டுல இல்லாத என்னமோ ஒண்ணு இங்க இருக்கு. இல்லன்னா அங்க இருக்கறது இங்க இல்ல."

பார்த்துக்கொண்டே வந்தவன் வாசல் பக்கச் சுவரில் நின்றான். பால் ஊற்றுகிறவர்கள் பார்ப்பதற்காக வெளியே மாட்டுகிற டிஸ்பிளே அங்கே இருந்தது. சிவப்பு எண்ணில் கொழுப்பு எவ்வளவு என்று காட்ட வேண்டியது. அதன் வயர் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஆணியில் தொங்கியது.

"இதென்னாக்கா, புடுங்கி வெச்சிருக்கீங்க?"

கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது வேணான்னுட்டாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான். கலைமதின்னு ஒருத்தி இருக்கறா. அவ மாட்டுக்கு நாலு புள்ளி ஆறு வந்துச்சி. ஊரே நின்னு பாத்துச்சி. மத்தவளுக்கு மூணு எட்டு, மூணு ஒம்போது. ஒருத்தியும் வாயத் தொறக்கல, கண்ணாலயே தின்னாளுங்க. மூணாம் நாளு அவ மாடு மடி வீங்கிப் படுத்துக்கிச்சி. அப்பறம் யாரு அதப் போட வுடுவா? கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. அளந்தா எங்கிட்ட மட்டும் காட்டுது, நான் காதோட சொல்லிப்புடறேன். ஒரு சண்ட சச்சரவு இல்ல."

தாரிக் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. மாதவராஜும் நிமிர்ந்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஆறு போர்டிலும் டிஸ்பிளே மாட்டியிருக்கும். எடுத்ததே இல்லை.

டிஸ்பிளே மாட்டியிருந்தால் அதை இயக்கும் மென்பொருள் விழித்துத் தனக்கு ஒரு கிளாக்கைக் கேட்கும். கேட்டுவிட்டால் கெர்னல் அதை அணைக்காது. டிஸ்பிளே இல்லாவிட்டால் கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லாததை அணைத்துவிடும். அந்தக் கிளாக்கிலேதான் மெமரிக்குப் போகிற வழியும் ஓடுகிறது. மெமரி நின்றால் மெஷின் நின்றது.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி அந்தக் கிளாக்குக்குத்தான்.

தாரிக் மற்றப் பதிமூன்று சொசைட்டிக்கும் ஃபோன் போட ஆரம்பித்தான். "டிஸ்பிளே வயரு சொருகியிருக்கா அண்ணே? … ஏன் புடுங்குனீங்க? … கண்ணா? … சரி, சரி." அரூர் பக்கத்தில் ஒரு செகரட்டரி, எலி கடித்துவிட்டது என்று முதலில் சொன்னார். எலி ரப்பர் பேண்டு போடுமா என்று தாரிக் கேட்டதும் உண்மையைச் சொன்னார். பதிமூன்றும் ஒன்றுதான். ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர். கம்பெனிக்குச் சொன்னால் திட்டுவார்கள் என்று எல்லோரும் மறைத்திருந்தார்கள்.

"வயர மாட்டிட்டு ஆன் பண்ணுங்க, எழுந்துடும். எழுந்தப்பறம் நாங்க இங்கேருந்தே சரி பண்ணிடறோம். அதுக்கப்பறம் வேணும்னா புடுங்கிக்கங்க. … யாரும் பாக்கறாப்ல இருந்தா மேல ஒரு துண்டப் போட்டு மூடிக்கங்க அண்ணே."

தாரிக் வாசலில் நடந்துகொண்டே பேசினான். மாதவராஜ் உள்ளே லேப்டாப்புக்கு முன்னால் தனியாக இருந்தான். கோப்பைத் திறந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டாம் இடத்துக்குப் போனான். எடுத்த வரியை அப்படியே மறுபடி தட்டினான். ஒரு நிமிட வேலை. இடது ஓரத்தில் இப்போது மாதவராஜ் என்று வந்தது. மேலே சோபனா, கீழே சோபனா, நடுவில் அவன்.

இப்படியே அனுப்பினால் போதும். கெர்னல் மாறியதால் வந்த பழுது, மாதவராஜ் கண்டுபிடித்துச் சரிசெய்தான் என்றாகும். மாதேஸ்வரன் பழைய கணக்கைத் தோண்டிப் பார்க்கிற ஆள் இல்லை. கோப்பு அவனுடையதாகிவிடும். அவன் அந்த இடது ஓரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாரிக் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். கோவிந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னா ஆச்சின்னு எனக்கும் புரியறாப்ல சொல்லுங்கய்யா. நாளைக்கி ஊர்ல கேட்டா நான் என்னான்னு சொல்றது? கண்ணு பட்டதால மெஷின் நின்னுச்சின்னா சொல்றது?"

"உங்க வூட்ல ஆள் இல்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா என்னா செய்வீங்கக்கா?"

"அணைப்பேன்."

"அதத்தான் அதுவும் செஞ்சிது. ஆனா அந்த ஒரு சுவிட்சுலயே கெணத்து மோட்டாரயும் சேத்துக் குடுத்திருக்கோம். லைட்ட அணைச்சா மோட்டாரும் போச்சி."

"அப்படி ஒரு சுவிட்சு இருந்தா மேல எழுதி ஒட்டி வெக்க வேணாமா, அணைக்காதீங்கன்னு? படிச்சவங்கதான நீங்க?"

"ஒட்டித்தான் இருந்துச்சி" என்றான் தாரிக்.

குரலில் எதுவும் இல்லை. அவன் மாதவராஜைப் பார்க்கவும் இல்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். கோவிந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ சொல்லிட்டு வர்றேன்" என்று வெளியே போனாள்.

மாதவராஜ் சொன்னான். "நான்தான் எடுத்தேன்."

"தெரியும். வரி இல்லன்னு காலையிலயே பாத்துட்டேன், டிஸ்பிளேயப் புடுங்குவாங்கன்னுதான் தோணல. பைக்குலயே கேட்டேனே."

"தெரிஞ்சிக்கினே எதுக்குக் கேட்டீங்க?"

"சொல்லுவீங்களான்னு." தாரிக் ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "ஏன் எடுத்தீங்க? சோதிச்சிப் பாத்து எடுத்தீங்களா?"

"அதுல உங்க பேர் இருந்துச்சி."

வெளியே ஒரு டிராக்டர் போய் ஓய்ந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"என் பேர்ல இருந்தாலும் அது அவ வரிதான்" என்றான் தாரிக். "அவ சொல்லித்தான் போட்டேன். ஆஸ்பத்திரிலேருந்து ஃபோன் பண்ணா."

மாதவராஜுக்குத் தெரியும். பண்ணினாள் என்பது தெரியும். எதற்கு என்பதுதான் தெரியாது. அவள் போன பிறகு அவளுடைய ஃபோனில் பார்த்திருக்கிறான். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து நாற்பது, தாரிக், பதினோரு நிமிடம். கடைசி மூன்று நாளும் தன்னோடு அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் பதினோரு நிமிடம் வராது. தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்து, அவ்வளவுதான் பேசினாள். அந்தப் பதினோரு நிமிடத்தைப் பதினாறு மாதமாக அவன் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வைத்திருந்தான்.

"பதினோரு நிமிசம்" என்றான்.

தாரிக் திரும்பிப் பார்த்தான். "எண்ணி வெச்சிருக்கீங்களா?"

"என்னா பேசுனீங்க?"

"கிளாக்கப் பத்தித்தான்."

"பதினோரு நிமிசமும்?"

"பதினோரு நிமிசமும். மாத்திர போட்டதுல பாதி வார்த்த கொழறுச்சி. டிஸ்பிளே இல்லாம யாராவது எழுப்புனா நின்னுடும், படுத்துக்கினு யோசிச்சப்பதான் தோணுச்சின்னா. எந்தக் கிளாக்கு, என்னா குறின்னு எழுத்தெழுத்தாச் சொன்னா. நான் வேற எதாவது கேட்டா, இதப் போட்டு முடி மொதல்லன்னா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். பக்கத்துலதான் இருந்தேன்."

தாரிக் தயங்கினான். நகத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"நீங்க டீ வாங்கக் கீழ போயிருந்தீங்க போல. 'மாதவ் வர்றதுக்குள்ள எழுதிக்கோ, வந்தாருன்னா ஃபோனப் புடுங்கிடுவாரு'ன்னா."

அது உண்மை. டாக்டர் ஓய்வு வேண்டும் என்றதிலிருந்து அவள் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஃபோனையும் தலையணைக்கு எட்டாத இடத்தில்தான் வைப்பான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தான். வேலையைப் பற்றி அவள் வாயெடுத்தால், "அதெல்லாம் அப்பறம்" என்பான். அப்புறம் அவள் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள்.

மாதவ் என்று அவனை அவள் அழைத்ததில்லை. 'என்னங்க' என்பாள். அவனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்திருக்கிறாள். அது தாரிக்கிடம் இருந்திருக்கிறது.

"சொல்றப்ப சிரிச்சாளா?" என்று கேட்டான்.

"எத?"

"ஃபோனப் புடுங்கிடுவாருன்னு சொல்றப்ப."

தாரிக் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "சிரிச்சா" என்றான்.

இருபத்தாறு நாளில் ஒரு சிரிப்பு. அதுவும் இவன் காதுக்கு. மாதவராஜ் எழுந்து வாசலுக்குப் போய், ஆணியில் தொங்கிய வயரின் ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். விரல் நுனி நீலமானது. இப்போதாவது கண்ணில் நீர் வரும் என்று பார்த்தான். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, காலையில் இருந்ததைவிட நன்றாக. செத்தவள் மேலேயே வந்தது.

ஃபோன் அடித்தது. மாதேஸ்வரன். மாதவராஜ் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் மேல் வைத்தான்.

"என்னா மாதவா, பதிமூணும் எழுந்துடுச்சாம்ல! எனக்கே ஃபோன் வருது. டிஸ்பிளேதான் விஷயமா? பலே. சரி, உன் பேரையே போட்டுடு. திங்கக்கெழம கூட்டத்துல நான் சொல்லிடறேன்."

தாரிக் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தான். அவன் சொல்லப்போவதில்லை. சொல்லாமலே இருந்து கோப்பை இவனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவான். காலம் பூராவும் அது தாரிக் கொடுத்ததாக இருக்கும். மாதவராஜுக்கு அது இன்னும் தாங்கவில்லை.

"சார், தப்பு என்னோடது. அங்க இருந்த ஒரு வரிய நான் எடுத்துட்டேன். அதனாலதான் நின்னுச்சி."

"கெர்னல் மாறுனதுல தவறிப்போச்சா?"

"தவறல. எடுத்தேன்."

"அப்ப யாரு பேரப்பா போடறது?"

"தாரிக் பேரு."

"மாதவராஜ், வேணாம்" என்றான் தாரிக் எழுந்து. "நீங்களே வெச்சிக்கங்க. என்னா இப்ப? நான் சொல்லித் தர்றேன். தெரியாததுன்னா கேளுங்க."

"சொல்லித் தர்றீங்களா?" மாதவராஜ் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "அவ பேருக்கு வர்ற மெயிலு எல்லாத்துக்கும் பதினாறு மாசமா நான்தான் பதில் போட்டேன். அதுல எத்தினிய உங்களக் கேக்காமப் போட்டேன், எத்தினி தப்பாப் போட்டேன்னு எனக்கே தெரியாது. நீங்க வெச்சிக்கங்க."

"என்னமோ நீங்களே பேசி முடிங்கப்பா, அஞ்சு மணிக்குப் பால் ஓடணும்" என்று மாதேஸ்வரன் வைத்துவிட்டார்.

மாதவராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தன் பெயரில் தட்டிய வரியை அழித்தான். தாரிக் பெயரில் இருந்த பழைய வரியை, அதன் தேதியோடு, மீட்டான். தேதியைப் பார்த்தான். காலை பத்து ஐம்பத்தெட்டு. ஃபோனை வைத்து ஏழு நிமிடத்தில் எழுதியிருக்கிறான். அதைப் போன மாதமே ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பெயரைத்தான் பார்த்தான். வரிக்கு மேலே, ஏன் என்பதை விளக்கமாக எழுதினான். டிஸ்பிளே இல்லாமல் எழுப்பினால் இந்தக் கிளாக் அணைந்து மெஷின் நிற்கும், சோபனா சொன்னது என்று எழுதினான். பிறகு கோப்பின் தலைக்குப் போனான்.

பொறுப்பாளர்: சோபனா.

அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். தாரிக்கின் பெயரையும் அவன் மெயில் முகவரியையும் அடித்தான். அடிக்கும்போது ஒரு எழுத்துப் பிழை வந்தது, திருத்தினான்.

"அனுப்பவா?"

"உங்களுக்கு என் மேல கோவமா?" என்றான் தாரிக்.

"ஆமா" என்று சொல்லி அனுப்பினான்.

கோவிந்தம்மாள் டீயோடு வந்தாள். கூடவே நாலைந்து பெண்கள், மெஷின் எழுந்ததா என்று பார்க்க. சரிபார்க்க என்று தாரிக் டிஸ்பிளே வயரைச் சொருகியதும் ஒருத்தி, "அய்ய, அத மூடுங்கம்மா மொதல்ல" என்று தன் தலையிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டாள். துண்டுக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ மினுங்கியது. ஒருத்தியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். ஐந்து மணிக்கு முதல் கேன் வந்தது. மெஷின் அளந்தது. கோவிந்தம்மாள் காதோடு எண்ணைச் சொன்னாள்.

தாரிக் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் ஃபோன் அதிர்ந்தது. பார்த்தான். உடனே பைக்குள் போட்டுக்கொள்ளப் போனவன், அப்படிச் செய்யாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"என்னா?" என்றான் மாதவராஜ்.

"பென்னாகரம் பக்கத்துலேருந்து ஒரு ரிப்போர்ட்டு. கிளாக் டிரைவர்."

முதல் மெயில். காலையில் என்றால் அது அவளுக்கு வந்திருக்கும், நாளை பல் தேய்ப்பதற்கு முன்னால் இவன் திறந்திருப்பான்.

"பேர் போட்டு எழுதியிருக்கானா?"

"ம். தாரிக் சார், வணக்கம்னு."

மாதவராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஹெல்மெட்டின் வாரை மாட்டினான். மாட்டி முடிக்கும் முன்பே மறுபடி கழற்றி, பைக்கைச் சுற்றி வந்து, தாரிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டினான்.

"கீழ தள்ளுங்க" என்றான். "முழுசாப் படிக்கறேன்."